கருக்கலில் ஏறும் மீன்கள்

ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போன வருடம், மலாயாவில் ஆயர் தாவார்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் பாதி லயம் காலியானது. சிலரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். சிலர் ஈயச் சுரங்க வேலை தேடி ஈப்போ பக்கம் போனார்கள். ஐயாவு மட்டும் எல்லாரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டிவிட்டு, பெண்சாதி செல்லாயியைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தான்.

"பால்மரத்தைப் பாத்துப் பாத்துக் கண்ணே பச்சையாப் போச்சு. கொஞ்ச நாளைக்கு நீலமா எதையாச்சும் பாப்போம் லா" என்றான்.

செல்லாயி சிரித்தாள். கண்ணைப் பற்றிய பேச்சு என்று உறைத்ததும் சிரிப்பைச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

அவளுக்கு மாலைக்கண். பகலில் ஒரு குறையும் கிடையாது. எதிர்ச் சரிவில் நிற்கிற மரத்தில் எந்தப் பட்டை காய்ந்திருக்கிறது என்று இங்கிருந்தே சொல்லிவிடுவாள். பொழுது சாய்ந்து, மற்றவர்கள் இன்னும் விளக்கேற்ற நினைக்காத அந்த நேரத்தில்தான் அவளுக்கு உலகம் மூடிக்கொள்ளும். யாரோ ஈரத்துணியை முகத்தில் போர்த்துவது போல ஒரு சாம்பல் வந்து படியும். மரம், ஆள், பாதை எல்லாம் அதற்குள் கரைந்துவிடும். விளக்கை ஏற்றினாலும் சுடர் மட்டும் ஒரு மஞ்சள் பொட்டாகத் தெரியுமே தவிர, அது எதன்மேல் வெளிச்சம் போடுகிறது என்று தெரியாது.

தோட்டத்தில் இதை யாருக்கும் சொல்லாமல் இரண்டு வருடம் ஓட்டியிருந்தாள். விடியுமுன் இருட்டில் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்கவேண்டும். பக்கத்து வீட்டு முத்தம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு போய் நிற்பாள். பேர் கூப்பிட்டு முடிந்து, தனக்கு விட்ட மர நிரைக்குப் போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிடும். அப்புறம் அவள் பால்வெட்டும் கத்திக்கு ஈடு கிடையாது. வேலை குறைந்ததும், நோயாளி, நோஞ்சான் என்று பேர் எடுத்தவர்களைத்தான் முதலில் கப்பலுக்கு எழுதினார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை. ஐயாவு நல்லவன்தான். ஆனால் அவன் வாய்க்குக் கதவு கிடையாது. காலையில் அவனிடம் ஒன்றைச் சொன்னால் மத்தியானம் வேலை வாங்குகிற தண்டலுக்குத் தெரிந்திருக்கும்.

கடலோர ஊரான லூமுட்டில், தவுக்கே என்று கூப்பிடப்படும் ஒரு சீன முதலாளியின் பலகை வீட்டு வரிசையில் ஓர் அறை கிடைத்தது. பின்னால் நெத்திலி காயப்போடும் பாய்கள். பகலில் செல்லாயிக்கு அங்கேதான் வேலை. வெந்த நெத்திலியைப் பரப்புவதும் புரட்டுவதும் கருவாடானதும் வாரிக் கொட்டுவதுமாகப் பொழுது போகும். ஐயாவு சில வாரம் படகுத்துறை ஜெட்டியில் மூட்டை தூக்கினான். பிறகு ஓர் அரசாங்க லாஞ்சில் கயிறு இழுக்க ஆள் கேட்டார்கள் என்று போய் நின்றான். எடுத்துக்கொண்டார்கள்.

அந்த லாஞ்சு மீன் பிடித்து விற்கிற லாஞ்சு அல்ல. மீன் எங்கே இருக்கிறது, எப்போது இருக்கிறது என்று பார்க்கிற லாஞ்சு. அதில் ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தார். அவருக்குக் கீழே அருளம்பலம் என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வயதுக்குள் இருக்கும். படித்தவர், ஆனால் கடல் கொஞ்சம் ஆடினாலும் வயிறு புரட்டும் அவருக்கு. எப்போதும் ஓர் இஞ்சித் துண்டை மென்றுகொண்டே இருப்பார். லாஞ்சில் இருந்தவர்கள் குமாஸ்தாவைக் கூப்பிடுவது போல அவரைக் கிராணியார் என்றார்கள். படகை ஓட்டியவர் பங்கோர் தீவுக்காரர், பாக் டின் என்ற மலாய்க்காரர்.

சில நாள் லாஞ்சு காலையில் போய், பொழுது சாய்கிற நேரத்தில் திரும்பும். சில நாள் மத்தியானம் புறப்பட்டுத் தீவுகளைத் தாண்டிப் போய், மறுநாள் வெயிலேறிய பின்தான் வரும். அப்படி வருகிற நாட்களில் ஐயாவு உற்சாகமாக இருப்பான். குளிக்காமல்கூட உட்கார்ந்து கதை சொல்வான்.

"அங்க பகல்ல வலையை மேலாக்க இழுத்தா ஒண்ணுமே இருக்காது செல்லாயி. வெறும் தண்ணி. அதே இடத்துல பொழுது சாயட்டும். ஒரு ஒலை அரிசி வேகுற நேரம்தான். அடியில கெடந்ததெல்லாம் மேல வந்துடும். கடலு கொதிக்கிற மாதிரி இருக்கும் லா. விடியறதுக்குள்ள அத்தனையும் மறுபடி எறங்கிடும்."

"ஒரு நாள் அப்படி வருமா?"

"தினம். தினம் ஏறி, தினம் எறங்குதுங்க. முப்பது பாகம், ஒரு முப்பது ஆள் ஆழம் இருக்கும். நம்மள அப்படி நடக்கச் சொன்னா செத்துடுவோம்."

"எதுக்கு மாமா அப்படி?"

"அதுக்குத்தான் தொரையும் கிராணியாரும் மண்டைய ஒடைக்கிறாங்க. வலைக்கு ஒரு வாய் வெச்சிருக்காங்க பாரு, அதைத் தெறந்து ஆழத்துல விடுவாங்க. கயித்துல ஒரு இரும்புக் குண்டை வழுக்கி விட்டா, அது போய் வாயை மூடிடும். அந்த ஆழத்துல இருந்தது மட்டும் வரும். குண்டு விடுற வேலை என்னுதுதான்."

இப்படி விடாமல் பேசுகிறவன், லாஞ்சு பொழுது சாயத் திரும்புகிற நாட்களில் மட்டும் ஊமையாகிவிடுவான். செல்லாயி சந்து முனைவரை சுவரைத் தடவிக்கொண்டு போய், எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பாள். அவன் வந்து, "வா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முன்னால் நடப்பான். அவன் காலடிச் சத்தத்தின் பின்னால் அவள் நடப்பாள். சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். அலுப்பாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவன் கடலில் இருக்கிற மாலைகளில் அவள் மத்தியானமே உலை இறக்கிவிடுவாள். தண்ணீர்க் குடம், குவளை, பாய் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுக் கதவோரம் உட்கார்ந்துகொள்வாள். சாம்பல் வந்து படிகிற நேரத்தில், இப்போது அங்கே ஏறும் என்று நினைப்பாள். நினைத்த மாத்திரத்தில் பலகைத் தரையின் இடுக்குகள் வழியே மீன்கள் அறைக்குள் ஏற ஆரம்பிக்கும். முதலில் பொடிசுகள், தூசி பறக்கிற மாதிரி. பிறகு விரல் நீளத்தவை. பிறகு உள்ளங்கை அகலத்தில் வெள்ளிக்காசு போல உடம்பைத் திருப்பித் திருப்பி. அவள் முழங்காலைச் சுற்றி, தோளைச் சுற்றி, கூரைக்குப் போய் அங்கே கூட்டம் கூட்டமாய்ச் சுழலும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத அந்த நேரத்தில் மனதுக்கு எல்லாம் தெரிந்தது. மாலை என்றால் பயந்துகொண்டிருந்தவள், கொஞ்சம் கொஞ்சமாக மாலைக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள்.

ஒரு நாள் ஐயாவு நடுவெயிலில் ஓடிவந்தான். லாஞ்சின் சமையல்காரனுக்குக் குளிர்காய்ச்சல். இன்று புறப்பட்டாக வேண்டும். வேறு ஆள் இல்லை.

"நீ வா. நான் சொல்லிட்டேன். கிராணியாரும் சரின்னுட்டாரு. சோறும் ஒரு மிளகாய்ச் சம்பாலும் ஆக்கினாப் போதும். சாயங்காலம் மீன் ஏறுறதை உன் கண்ணால பாக்கலாம். எத்தனை நாளா சொல்லிக்கிட்டே இருக்கேன்!"

அவன் முகம் பூத்திருந்தது. அது வாடுவதைப் பார்க்க அவளுக்கு மனமில்லை. மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

பெண்பிள்ளை ஏறுவதைப் பார்த்துப் பாக் டின் ஏதோ முணுமுணுத்தார். அவள் அரைத்த சம்பாலின் வாசனை சுக்கானருகே போனதும் முணுமுணுப்பு நின்றது. துரை முன்தளத்தில் தன் கண்ணாடிக் குப்பிகளோடு உட்கார்ந்திருந்தார். செல்லாயி வெளிச்சம் இருக்கும்போதே லாஞ்சை மனப்பாடம் செய்துகொண்டாள். அடுப்பிலிருந்து மூன்று எட்டு வைத்தால் பாய்மரம். இடதுபக்கம் கயிற்றுச் சுருள். வலதுபக்கம் தண்ணீர்ப் பீப்பாய். அதைத் தாண்டினால் பின்தளம், அங்கே தளம் தாழ்ந்து கடல் எட்டிவிடும். கையால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவைத்தாள்.

ஒன்பது தீவுக் கூட்டத்தைத் தாண்டியதும் எஞ்சினை நிறுத்தினார்கள். அதுவரை அந்தச் சத்தத்துக்குள் மறைந்திருந்த கடல் மெல்லப் பேச ஆரம்பித்தது. பகலில் இரண்டு முறை வலை இறக்கினார்கள். மேல்தண்ணீரில் ஒன்றுமில்லை; ஆழத்தில் மீன். ஐயாவு சொன்னபடியேதான். வெயில் சாய்ந்தது. தண்ணீர் முதலில் செம்பாகி, பிறகு புறாக் கழுத்து நிறமாகி, பிறகு அவளுக்கு ஒன்றுமில்லாமல் ஆனது.

"அம்மா, பசிக்குது. சோறு கொண்டு வாங்கோ" என்று அருளம்பலம் குரல் கொடுத்தார்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு குரல் வந்த பக்கம் நடந்தாள். மூன்று எட்டு வைத்தாள். எதிரில் ஓர் உருவத்தின் நெருக்கம் தெரிந்தது. தட்டை நீட்டினாள். "இந்தாங்கய்யா." யாரும் வாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். தட்டு மரத்தில் முட்டி நழுவி, தளத்தில் உருண்டு, தண்ணீரில் விழுந்தது.

"என்ன அம்மா, பாய்மரத்துக்கோ சோறு குடுக்கிறீங்கள்?" அவர் குரல் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"கடலு ஆடுதுங்கய்யா. கால் தடுமாறிடுச்சு." கடல் எண்ணெய் ஊற்றினது போல அசையாமல் கிடந்தது.

அந்நேரம் பின்தளத்திலிருந்து ஐயாவு கூப்பிட்டான். "செல்லாயி! இங்க வா, ஓடி வா! ஏறுது பாரு, ஏறுது!"

பீப்பாயைத் தடவிக்கொண்டு போனாள். அவன் அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். "பாத்தியா? பாரு, பாரு, எவ்வளவு!"

"ஆமா" என்றாள். "அழகா இருக்கு."

பொய் சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்துக் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு விரல் நுனியில் ஏதோ ஒன்று, முத்தம் கொடுப்பது போல, ஒரு முறை முட்டிவிட்டுப் போனது. இன்னொன்று உள்ளங்கையில் வழுக்கியது. அப்புறம் எண்ண முடியவில்லை. மழைக்கு அடியில் கையை நீட்டினால் தூறல் விழுவதைப் போல, ஆனால் கீழேயிருந்து மேலாக, மீன்கள் அவள் கையைத் தொட்டுத் தொட்டு ஏறிக்கொண்டிருந்தன. சுற்றிலும் மெல்லிய சலசலப்பு. ஆயிரம் பேர் குசுகுசுவென்று ஏதோ கேட்பது போல. அவளுடைய அறைக்குள் ஏறிய அதே கூட்டம்தானோ என்று ஒரு கணம் தோன்றியது.

அருளம்பலம் இஞ்சியை மென்றுகொண்டு அருகில் வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, இதுங்க எதுக்கு இப்படி ஏறுதுங்க?" என்று கேட்டாள். தான் கேட்டதை எண்ணி அவளுக்கே கூச்சமாக இருந்தது.

அவருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. "சாப்பாட்டுக்குத்தான் அம்மா. வெயில் படுற மேல்தண்ணியிலதான் கடலுக்குள்ள பச்சை விளையும், கண்ணுக்குத் தெரியாத தூள் மாதிரி. அதைத் தின்ன, சின்னன் சின்னனா இறாலும் பூச்சியும் வரும். அதுகளைத் தின்ன மீன் வரும். ஆனா பகல்ல வந்தால் பெரிய மீனின்ர கண்ணிலயும் பறவையின்ர கண்ணிலயும் படும். அதால பகல் முழுக்க ஆழத்தில பதுங்கிக் கிடந்திட்டு, வெளிச்சம் மங்க மங்க ஏறுதுகள். துரை அப்பிடித்தான் நினைக்கிறார். நானும் அப்பிடித்தான் நினைக்கிறன். அடிச்சுச் சொல்ல இன்னும் கனக்கத் தடவை வலை இழுக்கவேணும்."

"அப்போ அதுங்களுக்கு இருட்டுதான் பிடிக்குமா?"

"அதுதான் இல்லை. கும்மிருட்டில தன்ர சாப்பாடு தனக்கே தெரியாதே. வெயிலும் வேண்டாம், கும்மிருட்டும் வேண்டாம். நடுவில ஒரு மங்கல் இருக்கல்லோ, இப்ப இருக்கிற மாதிரி? அதுக்குள்ளதான் அதுகள் இருக்கப் பாக்குதுகள். பகல்ல அந்த மங்கல் கீழ கிடக்கும். பொழுது சாயேக்க அது மேல வரும். மீனும் அதோட சேர்ந்து மேல வரும். விடியேக்க அது கீழ போகும், மீனும் போகும். நாங்கள் பாத்து, மீன் இடம் மாறுது எண்டு சொல்லுறம். அதுகளுக்கு வெளிச்சம் மாறாமல் இருக்கவேணும், அவ்வளவுதான்."

செல்லாயி தண்ணீரிலிருந்து கையை எடுத்தாள். அத்தனை வருடமாக அடக்கி வைத்தது, அதுவும் தன் பாட்டுக்கு ஏறி வந்துவிட்டது.

"அந்த வெளிச்சத்துலதான்யா எனக்குக் கண்ணு தெரியாது."

கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஐயாவுவின் கை நின்றது.

"என்னது?"

"மாலைக்கண்ணு மாமா. தோட்டத்துலேயே வந்துடுச்சு. ரெண்டு வருசத்துக்கு மேலாச்சு. பொழுது சாஞ்சா ஒண்ணும் தெரியாது. இப்பக்கூட உங்க மூஞ்சி எந்தப் பக்கம் இருக்குன்னு குரலை வெச்சுத்தான்..."

அவன் வெகுநேரம் பேசவில்லை. அவளுக்கு அவன் கோபமாக இருக்கிறானா என்று பார்க்க வழியில்லை. பேசாமலிருந்தால் அவன் இல்லாமலே போய்விட்டது போல இருந்தது.

"அப்போ ஜெட்டியில?" என்றான் கடைசியில்.

"ஜெட்டியில என்ன?"

"லாஞ்சு உள்ள வரும்போதே நான் துண்டை அவுத்து வீசுவேன். நீ சந்து முனையில நின்னு நேரா என்னைப் பாத்துக்கிட்டிருப்ப. கையத் தூக்க மாட்ட. பாக் டின் பொண்டாட்டி தூக்குவா, எல்லாரு வீட்டிலயும் தூக்குவாங்க. நாளைக்காச்சும் தூக்குவா, நாளைக்காச்சும் தூக்குவான்னு பாத்தேன்." அவன் கயிற்றைக் கீழே போட்டான். "உன்னை உன் சனத்துக்கிட்டேருந்து பிரிச்சுக் கொண்டாந்துட்டேன்னு உனக்கு என் மேல வெறுப்புன்னு நெனைச்சேன்."

செல்லாயி குரல் வந்த பக்கம் திரும்பினாள். "நான் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு நின்னேன் மாமா. நீங்க துண்டு வீசுறது எனக்கு எப்படித் தெரியும்?"

"கப்பல்ல ஏத்திடுவாங்கன்னு தண்டலுக்குப் பயந்தே, சரி. எனக்கு எதுக்குப் பயந்தே? நான் ஏத்திடுவேனா?"

"நீங்க ஏத்த மாட்டீங்க. ஆனா நீங்க தண்டல்கிட்டச் சொல்லாம இருப்பீங்களா?"

அருளம்பலம் தொண்டையைச் செருமினார். ஐயாவு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வேண்டா வெறுப்பாகச் சிரித்தான்.

"சொல்லித்தான் இருப்பேன்" என்றான்.

அவள் பக்கத்தில் வந்து குப்புறப் படுத்தான். தோளோடு தோள் உரசியது. "சரி, கேளு. இப்ப தண்ணி எப்படி இருக்கு தெரியுமா? ஈயத்தை உருக்கி ஊத்தின மாதிரி. அதுல அங்கங்க ஊசியால குத்தினாப்போல சின்னச் சின்ன வட்டம். வாயைத் தெறந்து தெறந்து மூடுதுங்க. கீழ இன்னும் வருது. ஒரு கூட்டம் பூராவும் ஒரே நேரத்துல திரும்பினா, கத்தியத் திருப்பின மாதிரி மின்னுது. தோ, உன் கைக்கு நேரா ஒண்ணு நிக்குது. என்ன பாக்குதுன்னு தெரியலை. உன்னைத்தான் பாக்குது."

"இப்ப தொட்டுடுச்சு" என்றாள் அவள்.

வானத்தில் கடைசி வெளிச்சமும் போகும்வரை அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவனுடைய மூடாத வாயை அவள் அன்றுபோல் என்றும் நேசித்ததில்லை.

மறுநாள் காலை இழுத்த வலையில் இரண்டு பால்சுறா வந்தது. துரை அளந்து முடித்ததும் அருளம்பலம் வயிற்றைக் கீறி ஈரலை எடுத்து ஓர் இலையில் வைத்து ஐயாவுவிடம் கொடுத்தார்.

"எங்கட ஊரில மாலைக்கண்ணுக்கு இதைத்தான் குடுக்கிறது. லேசா அவிச்சுத் தின்னச் சொல்லும். கொஞ்சம் போதும், ஆனா விடாமல் தின்னவேணும். துரையும் ஓம் எண்டு சொல்லுறார். வெறும் சோறும் கருவாடுமாத் தின்னால் கண் இப்பிடித்தான் கோவிக்கும்."

ஈரல் நாறியது. மஞ்சளும் மிளகாயும் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். ஐயாவு எதிரில் உட்கார்ந்து, அவள் விழுங்கும்போதெல்லாம் தானும் எச்சில் விழுங்கினான். லாஞ்சில் சுறா கிடைக்காத வாரம் சீனச் சம்பான் படகுக்காரர்களிடம் போய்க் கேட்டு வாங்கி வந்தான். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் அவள் மாலைக்கண் தெரிந்துபோனது. யாரும் அவளைக் கப்பலேற்றவில்லை. எதிர் வீட்டுச் சீனக் கிழவி ஒரு கட்டுக் கீரையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு மாலை செல்லாயி வழக்கம்போல் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். சாம்பல் வந்து படியவேண்டிய நேரம். வந்தது. ஆனால் அதற்குள் ஏதோ ஒன்று இன்னும் கொஞ்சம் கருப்பாக அசைந்தது. உற்றுப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து எழுந்த அடுப்புப் புகை. அது வளைந்து, நூலாகி, பிரிந்து போவதைக் கடைசிவரை பார்த்தாள். புகையைப் பார்த்து ஒருத்தி அழுவதற்கு எரிச்சல் தவிரக் காரணம் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அதன் பிறகு நாளுக்கு நாள் மாலை விரிந்தது. முதலில் உருவங்கள், பிறகு ஓரங்கள், பிறகு முகங்கள். சமையல்காரன் காய்ச்சல் தெளிந்தும் பலவீனமாகவே இருந்ததால் லாஞ்சில் அவள்தான் சமைத்தாள். பாக் டின்னுக்கு அவள் சம்பால் இல்லாமல் சோறு இறங்கவில்லை.

கண் நன்றாகத் தெளிந்த பிறகு போன முதல் பயணம் பௌர்ணமியன்று அமைந்தது. ஐயாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சூரியன் விழுவதற்கு முன்பே அவளைப் பின்தளத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். சூரியன் மேற்கே இறங்கியது. கிழக்கே, நிலப்பக்கத்து மலைகளுக்கு மேலே, நிலா எழுந்தது. நீர்மேல் ஒரு பால்பாதை நீண்டது. காத்திருந்தார்கள். கடல் வெறிச்சென்று கிடந்தது. வலையை மேலாக்க இழுத்தார்கள். கைப்பிடி அளவு பொடிசுதான்.

"எங்கய்யா போச்சு எல்லாம்?" என்றான் ஐயாவு, கடன் வாங்கினவனைத் தேடுகிறவன் போல.

அருளம்பலம் சிரித்தார். "நிலவெளிச்சமும் வெளிச்சம்தானே ஐயாவு. இவ்வளவு வெளிச்சத்துக்கு மேல வந்தால் பிடிபட்டுப் போகும் எண்டு அதுகளுக்குத் தெரியும். இண்டைக்கு அந்த மங்கல் கீழதான் நிக்குது. குண்டை விடும், பாப்பம்."

குண்டு கயிற்றில் வழுக்கிப் போய்ச் சத்தமில்லாமல் மறைந்தது. பத்துப் பாகத்துக்குக் கீழேயிருந்து வந்த வலையில் மீன் துள்ளியது. அவர் சொன்னது சரிதான்.

"உனக்குக் காட்டணும்னு கூட்டியாந்தேன். இப்படி ஏமாத்திடுச்சுங்களே" என்று ஐயாவு தலையில் கையை வைத்துக்கொண்டான்.

செல்லாயி கடலைப் பார்க்கவே இல்லை. நிலா அவன் முகத்தில் விழுந்திருந்தது. காது மடலில் உப்புப் பூத்திருந்தது. கன்னத்தில் ஒரு புது வெட்டுத் தழும்பு. இடது புருவத்தில் நரை ஒன்றிரண்டு. இதெல்லாம் எப்போது வந்தது? பகலில் அவன் கதை சொன்னால் அவள் மீன்களைத்தான் நினைப்பாள்; மற்ற நேரம் அவன் தூங்குவான், இல்லையென்றால் வேலையில் இருப்பான். அவன் அவளுக்கென்று இருந்த மாலைகளில் அவன் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

"என்ன லா அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல" என்றாள். "நீங்க பேசாம இருங்க."

அவன் பேசாமலிருந்தான். அது அவனுக்குக் கஷ்டம்தான். ஆனாலும் இருந்தான்.

மழைக்காலம் தொடங்குமுன் ரப்பர் விலை கொஞ்சம் நிமிர்ந்தது. பழைய தோட்டத்துத் தண்டல் ஆள் சேர்க்க லூமுட்டுக்கு வந்தார். ஐயாவுவின் தோளில் கைபோட்டு, நல்ல நிரையாகத் தருகிறேன், லயத்தில் ஓர வீடு தருகிறேன் என்றார். முத்தம்மா இவர்களை விசாரித்தாள் என்றும் சொன்னார். அந்தப் பேர் காதில் விழுந்ததும் செல்லாயியின் மனம் ஒரு முறை புரண்டது. ஐயாவு அவளைப் பார்த்தான்.

"நீ சொல்லு. இந்தத் தடவை நீதான் சொல்லணும். நான் வாயத் தெறக்க மாட்டேன்."

"முத்தம்மா அக்காவை ஒரு நாள் இங்க வரச் சொல்லுங்க தண்டலய்யா" என்றாள் செல்லாயி. "கடலைக் காட்டுறேன். நாங்க வரலை."

அந்த மாதம் அமாவாசையை ஒட்டி லாஞ்சு தீவுகளுக்கு அப்பால் தங்கியது. மாலையில் மீன்கள் ஏறின. செல்லாயி கண்ணால் பார்த்தாள். ஐயாவு சொன்னதில் பாதி மிகை, மீதிப் பாதி போதாது என்று அவனிடம் சொன்னாள். அவன் பெருமையாக ஒப்புக்கொண்டான்.

விடியுமுன் அவளுக்கு விழிப்பு வந்தது. கயிற்றுச் சுருளின் மேல் ஐயாவு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அருளம்பலம் போர்வையால் தலையை மூடியிருந்தார். அவள் பின்தளத்தில் போய் உட்கார்ந்தாள். கிழக்கே கரையின் மேல் ஒரு வெளுப்பு, பால் சொட்டு விழுந்து பரவுகிறாற்போல. தண்ணீரில் இன்னும் வட்டங்கள் இருந்தன. கொஞ்ச நேரத்தில் அவை குறைந்தன. மீன்கள் ஓடவில்லை, பதறவும் இல்லை. சந்தை கலைகிற மாதிரி, ஒவ்வொன்றாகத் தலையைத் தாழ்த்தி, சாவகாசமாக இறங்கின. தண்ணீர் தெளியத் தெளிய அவற்றின் முதுகுகள் தெரிந்தன, பிறகு நிழல்கள், பிறகு நிழல்களும் இல்லை. எந்த இடத்தில் அவை மறைந்தன என்று சொல்ல முடியவில்லை. அவள் கண் எட்டுகிற மட்டும் கூடவே போனாள்.

புருஷனை எழுப்பலாமா என்று நினைத்தாள். எழுப்பவில்லை.

தீவுப் பக்கமிருந்து ஒரு வெள்ளைப் பறவை தாழப் பறந்து வந்தது. இரண்டு முறை வட்டமடித்து, ஒரு முறை தண்ணீரில் அலகைக் குத்திவிட்டு, வெறுமையாக எழும்பிப் போனது. அது போன திசையைச் செல்லாயி சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கைகால் கழுவி, அடுப்பை மூட்டிக் கோப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.